பெயிண்ட் ஏறும் கால்க் எது? வார்கேமிங் டெரெய்ன் செய்யத் தொடங்குகிறவர்களுக்கு

வார்கேமிங் என்பது மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்து ஆடுகிற போர் விளையாட்டு; அதற்கான தரை, மலை, சுவர்தான் டெரெய்ன். அதைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்ப்பது ஏதோ ஒரு வெளிநாட்டு வீடியோவைத்தான். டியூபிலிருந்து கால்க் என்கிற, இடுக்கு அடைக்கும் பழுப்புக் கூழைத் துணிமேல் பிதுக்கி, மணலைத் தூவி, தகட்டால் இழுத்து, இருபது நிமிடத்தில் அருமையான செம்மண் தரையை எடுத்துக் காட்டுவார்கள். அதைப் பார்த்த சூட்டோடு தென்காசியிலோ செங்கோட்டையிலோ ஹார்டுவேர் கடைக்குப் போய் "அண்ணாச்சி, கால்க் இருக்கா?" என்று கேட்டால், அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு "சிலிக்கானா தம்பி?" என்று ஒரு டியூபை எடுத்து மேசைமேல் வைப்பார். நம் பக்கத்தில் அந்த மாதிரி நீள டியூபில் வருகிற எல்லாவற்றுக்கும் பெயர் சிலிக்கான்தான். அதை வாங்கி வந்தீர்கள் என்றால் தரை வரும், பெயிண்ட் மட்டும் அதில் நிற்காது.

அதனால் பிராண்டைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள். டியூபுக்குள் இருப்பது என்ன வகை என்பதுதான் விஷயம்.

என்னென்ன வகை

சுத்த சிலிக்கான் என்பது கண்ணாடி, வாஷ்பேசின், அலுமினிய ஜன்னல் ஓரங்களுக்குப் போடுவது. காய்ந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், தண்ணீர் புகாது, வருடக்கணக்கில் கிடக்கும். ஆனால் அதன்மேல் எதுவும் ஒட்டாது. அக்ரிலிக் பெயிண்டைத் தடவினால் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு விலகும், காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால் தோல் தோலாகக் கையோடு வரும். பிரைமர் அடித்தால் சரியாகிவிடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆகாது, அந்தப் பிரைமரும் சேர்ந்துதான் உரியும்.

நமக்கு வேண்டியது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கால்க். கடையில் அக்ரிலிக் சீலன்ட், அக்ரிலிக் கேப் ஃபில்லர், பெயிண்டர்ஸ் சீலன்ட் என்று பல பெயரில் கிடைக்கும். இது பெயிண்டோடு பிறந்த பொருள். எமல்ஷன் பெயிண்டில் இருப்பது போன்ற அக்ரிலிக் பசையோடு சுண்ணாம்புக் கல் தூள் போன்ற நிரப்பிகளைச் சேர்த்துக் கெட்டியாக்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் மேலே பெயிண்ட் பிடிக்கிறது, அதற்குள்ளேயே பெயிண்டைக் கலக்கவும் முடிகிறது. ஈரமாக இருக்கும்வரை கையைத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். மலை செய்கிற தெர்மாகோலைக் கரைக்காது. இந்தக் கடைசிக் குணத்துக்காகவே இதை வாங்கலாம்.

நடுவில் ஒரு குழப்பம் உண்டு. சில டியூபில் சிலிக்கனைஸ்டு அக்ரிலிக் என்று போட்டிருக்கும். சிலிக்கான் என்ற எழுத்தைப் பார்த்ததும் பயந்து வைத்துவிட வேண்டாம். அது அக்ரிலிக்தான், ஒட்டும் தன்மைக்காகவும் வளையும் தன்மைக்காகவும் கொஞ்சம் சிலிக்கான் சேர்த்தது, பெரும்பாலும் பெயிண்ட் ஏறும். டியூபில் பெயிண்டபிள் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு இருக்கின்றன. பியூ சீலன்ட் எனப்படும் பாலியூரித்தேன் வகையிலும் பெயிண்ட் ஏறும். ஆனால் கையில் பட்டால் இரண்டு நாள் போகாது, துடைக்க தின்னர் வேண்டும், வாசனையும் நல்லதல்ல, வீட்டுக்குள் உட்கார்ந்து பொம்மை மலை செய்ய அது வேண்டாம். எம்எஸ் பாலிமர், அதாவது ஹைபிரிட் சீலன்ட், நல்ல பொருள், சுருங்காது, பெரும்பாலும் பெயிண்டும் ஏறும். விலைதான் அதிகம், அதோடு தண்ணீர் பெயிண்டை அதற்குள் கலக்கக் கூடாது. இடுக்கு அடைக்கவும் ஒட்டவும் மட்டும் சரி.

கடையில் நின்று பார்க்க வேண்டியது

டியூபைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் பொருள். பெயிண்டபிள், வாட்டர் பேஸ்டு, தண்ணீரில் கழுவலாம் என்ற மூன்றும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பெயிண்டபிள் என்று இல்லாமல் கண்ணாடி, அக்வேரியம், சானிட்டரி என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நூறு சதவீத சிலிக்கான் என்று பெருமையாக எழுதியிருப்பதும் நமக்கு ஆகாது.

அடுத்தது தேதி. அக்ரிலிக் டியூபுக்கு ஆயுசு குறைவு, ஒன்றிரண்டு வருடம்தான். சின்ன ஊர்க் கடைகளில் சிலிக்கான் ஓடும், அக்ரிலிக் மேல் தட்டில் தூசி படிந்து கிடக்கும். தகரக் கூரைக்கு அடியில் ஒரு கோடை முழுக்க வெந்த டியூபாக இருந்தால் உள்ளே பாதி கட்டியாகியிருக்கும். டியூபைப் பக்கவாட்டில் லேசாக அழுத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமுங்க வேண்டும், ஓரிடத்தில் கல் மாதிரி தட்டினால் வேறு கேளுங்கள்.

கேட்கிற விதமும் முக்கியம். "கால்க்" என்று கேட்காதீர்கள். "அண்ணாச்சி, சுவர் வெடிப்பு அடைச்சு மேல பெயிண்ட் அடிக்கிற டியூப் இருக்கா, கண்ணாடிக்குப் போடுறது வேண்டாம்" என்று கேளுங்கள், சரியானது வந்துவிடும். ஹார்டுவேர் கடையைவிட பெயிண்ட் கடை மேல். ஜிப்சம் சீலிங் வேலை செய்கிறவர்களுக்குச் சாமான் கொடுக்கிற கடை அதைவிட மேல், சீலிங் ஓரத்து இடுக்கை அவர்கள் அக்ரிலிக்கால்தான் அடைப்பார்கள். புளியரை தாண்டிப் புனலூர் பக்கம் போகிற வேலை இருந்தால் அங்கேயும் விசாரித்துப் பாருங்கள், மழைக்கும் வெடிப்புக்கும் பழகிய ஊர் என்பதால் சீலன்ட் கேட்டால் முழிக்க மாட்டார்கள்.

பெயிண்ட் கடையில் கிலோக் கணக்கில் டப்பாவில் கிராக் பேஸ்ட் விற்பார்கள். அதுவும் பெரும்பாலும் அக்ரிலிக்தான், டியூபைவிட மலிவு. ஆனால் சில பேஸ்ட் காய்ந்தால் விறைப்பாகிவிடும், பலகைமேல் செய்கிற மலைக்கு அது போதும், துணியில் பூசிச் சுருட்டி வைக்கிற தரைக்கு உதவாது. வெள்ளை சிமெண்ட் பட்டியும் அப்படித்தான், சுருட்டினால் நொறுங்கும். எம்-சீல் கல்லாகிவிடும், உடைந்த கம்பத்தை ஒட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் கேட்டால் வெள்ளையோ சாம்பலோ எது கிடைத்தாலும் சரி, எப்படியும் நிறம் கலக்கத்தான் போகிறோம். கூடவே டியூபை அழுத்திப் பிதுக்க ஒரு சிலிக்கான் கன். கம்பி வளையாத, கெட்டியானதாகப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை

டியூபின் மூக்கைச் சாய்வாக வெட்டி, உள்ளே சவ்வு இருந்தால் நீள ஆணியால் குத்தி, அட்டைத் துண்டில் ஒரு விரல் நீளத்துக்குப் பிதுக்குங்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். வினிகர் மாதிரிப் புளித்த நெடி மூக்கில் ஏறினால் அது சிலிக்கான், மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி. நெடி இல்லை என்பதற்காக அக்ரிலிக் என்று முடிவு செய்யவும் கூடாது, நெடி இல்லாத சிலிக்கானும் உண்டு. அதனால் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். அக்ரிலிக் பால் மாதிரிக் கரைந்து விரலில் வரும், சிலிக்கான் பிசுபிசுவென்று இழுபடும், தண்ணீரில் போகவே போகாது.

மறுநாள் அதே துண்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பரவினால் நல்லது, உருண்டு நின்றால் சந்தேகம். பிறகு கொஞ்சம் அக்ரிலிக் பெயிண்ட் பூசி, காய்ந்ததும் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிடுங்குங்கள். டேப்பில் பெயிண்ட் வராவிட்டால் டியூப் தேறிவிட்டது. கடைசியாக அட்டையையே மடக்கிப் பாருங்கள், வெடிக்காமல் வளைந்தால் சுருட்டும் தரைக்கும் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. சிலிக்கானைத் தொட்ட தகடு, கையுறை, கிண்ணம் எதையும் பெயிண்ட் வேலைக்குக் கொண்டுவராதீர்கள். துளி ஒட்டியிருந்தாலும் அந்த இடத்தில் பெயிண்ட் குழி குழியாக விலகி நிற்கும், காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

சாரல் காலத்துக் கணக்கு

அக்ரிலிக் காய்வது அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போவதால். சிலிக்கானும் எம்எஸ் பாலிமரும் இறுகுவது காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துக்கொள்வதால். இரண்டும் நேர் எதிர். டியூபில் 24 மணி நேரம் என்று போட்டிருப்பது உலர்ந்த அறைக்குச் சொன்னது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வந்து விழுகிற ஜூன், ஜூலை, ஆகஸ்டில் செங்கோட்டையில் துவைத்த சட்டையே இரண்டு நாள் கொடியில் கிடக்கிறது, கால்க் மட்டும் எப்படி ஒரே நாளில் காயும்?

மேல்தோல் அரை மணியில் கட்டிவிடும், அதுதான் ஏமாற்றுவது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் அப்படியே நின்றால் இன்னும் காயவில்லை, மெதுவாக நிமிர்ந்து மறைந்தால் சரி. உள்ளே பச்சையாக இருக்கும்போது மேலே பெயிண்ட் அடித்தால், பிறகு உள்ளே சுருங்கும்போது மேலே அடித்த பெயிண்ட் சிலந்தி வலை மாதிரிப் பிளந்துவிடும். ஆகவே சாரல் காலத்தில் மெல்லிய பூச்சாகப் போடுங்கள், ஃபேனை நேராகத் திருப்பி வையுங்கள், இரண்டு மூன்று நாள் விடுங்கள். வெயில் பார்த்ததும் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், அடுத்த தூறல் எப்போது வரும் என்று இந்த ஊரில் யாராலும் சொல்ல முடியாது, காயாத அக்ரிலிக் மழையில் கரைந்து வழிந்துவிடும். அவசரமாக ஒரு இடுக்கை அடைக்க வேண்டுமானால் அந்த மாதங்களில் எம்எஸ் பாலிமருக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. பங்குனி, சித்திரை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

சுருட்டி வைக்கும் தரை

கால்க்கின் முழு அருமையும் தெரிவது இதில்தான். பலகையில் செய்த தரையை வைக்க வீட்டில் இடம் இருக்காது, இது சுருட்டி அலமாரிக்கு மேல் போய்விடும்.

அளவிலிருந்து தொடங்குங்கள். பழைய வழக்கம் 6 அடிக்கு 4 அடி. வார்ஹேமர் 40,000 என்கிற வார்கேமை ஆடுகிறவர்களுக்கு 2020 முதல் 60 அங்குலத்துக்கு 44 அங்குலம் போதும். 6க்கு 4 அடி என்பது ஏறக்குறைய 2.2 சதுர மீட்டர், ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச 2.2 லிட்டர் கலவை வேண்டும். டியூப் ஒன்றில் சுமார் 300 மில்லி. பெயிண்டும் மணலும் சேர்ந்து அளவைக் கூட்டும் என்றாலும் நாலைந்து டியூப் இல்லாமல் ஆகாது. முதல் தடவையே அவ்வளவு செலவு எதற்கு, 2 அடிக்கு 2 அடித் துண்டு ஒன்று செய்து பாருங்கள், அதற்கு ஒரு டியூப் போதும்.

துணிக்குக் காடாத் துணி நல்லது. ஒரு தடவை நனைத்துக் காயவைத்து, சுருங்குகிறதெல்லாம் சுருங்கிய பிறகு, பலகையில் இழுத்து ஓரத்தில் பின் அடியுங்கள். தொய்வு இருந்தால் காயும்போது மடிப்பு விழும். அடியில் பிளாஸ்டிக் ஷீட் போடுங்கள், இல்லையென்றால் பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

மணலைச் சலித்து, வாணலியில் வறுத்து ஆறவிடுங்கள். பூச்சியும் போகும், ஈரமும் போகும். கடல் மணலாக இருந்தால் முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி உப்பை எடுங்கள். சமையலறைச் சல்லடையைத் தொடாமல் தனியாக ஒன்று வாங்கிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

நிறத்துக்கு விலை கூடிய ஹாபி பெயிண்ட் வேண்டாம். பெயிண்ட் கடை எமல்ஷனும் அதில் நிறம் கலக்கிற சின்னப் புட்டி ஸ்டெய்னரும் போதும். செங்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணுக்கு ரெட் ஆக்சைடோடு கொஞ்சம் மஞ்சள், அதை அடக்க ஒரு சொட்டுக் கறுப்பு. கணவாய்க்கு அந்தப் பக்கம் வெட்டுக்கல் மண் என்றால் மஞ்சளைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டுங்கள். ஈரத்தில் நிறம் வெளிறித் தெரியும், வெள்ளைக் கால்க் காயக் காய அடர்ந்துவிடும், அதனால் நினைத்ததைவிட ஒரு படி வெளிறலாகவே நிறுத்துங்கள்.

பழைய பக்கெட்டில் கால்க் மூன்று பங்கு, பெயிண்ட் ஒரு பங்கு என்று தொடங்கி, மணலைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேருங்கள். கரண்டியைத் தூக்கினால் கட்டியாக விழாமல் மெதுவாக வழிய வேண்டும். மணல் கூடிவிட்டால் சுருட்டும்போது உதிரும், பெயிண்ட் கூடிவிட்டால் தண்ணீர் அதிகமாகிச் சுருங்கி வெடிக்கும். கெட்டியாகிவிட்டது என்று தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் கொஞ்சம் கால்க்கே சேருங்கள்.

பூசுவதற்கு முன் துணியை ஸ்பிரேயரால் லேசாக ஈரப்படுத்துங்கள், அப்போதுதான் கலவை நூலுக்குள் இறங்கிப் பிடிக்கும். பட்டி பார்க்கிற தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து, துணியின் நெசவு மறையும்வரை பூசினால் போதும். அங்கங்கே தகட்டைத் தட்டித் தூக்கினால் மேடு பள்ளம் வரும். சக்கரத் தடம் வேண்டுமானால் பொம்மை வண்டியை ஈரத்தில் உருட்டுங்கள். ஈரம் இருக்கும்போதே மேலே காய்ந்த மணல், மரத்தூள், தேங்காய் நார்த் துகள் தூவி உள்ளங்கையால் அமுக்குங்கள். வடிகட்டிய டீத்தூளை நன்றாகக் காயவைத்து மரத்தடியில் தூவினால் சருகு மாதிரியே இருக்கும். நன்றாக என்றால் மொறுமொறுவென்று, இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பூசணம்.

மலை, சுவர், பாலம்

தெர்மாகோல் மலைக்கு டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் வருகிறதே போதும். மீன் கடையில் கேட்டால் கொல்லம் பக்கத்து நீண்டகரைத் துறைமுகத்திலிருந்து மீன் வந்த பெட்டிகூடச் சும்மா கிடைக்கும், வாசனை போகக் கழுவுவது உங்கள் பாடு. துண்டுகளை ஒட்டவும் கால்க் உதவும், ஆனால் இரண்டு பலகைக்கு நடுவில் காற்றுப் படாது, முழுக்கப் பூசினால் வாரக்கணக்கில் காயாமல் கிடக்கும். புள்ளி புள்ளியாக வைத்து, மூங்கில் குச்சி குத்தி நிறுத்தி, இரண்டு நாள் விடுங்கள்.

இடுக்கு அடைக்கும்போது அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் ஒரே பூச்சில் நிரப்பாதீர்கள். தண்ணீர் போனதும் நடுவில் பள்ளம் விழும், அது பொருளின் குணம், குறையல்ல. காய்ந்ததும் இன்னொரு பூச்சு. இதை உப்புத்தாளால் தேய்க்க முடியாது, ரப்பர் மாதிரி உருளும், அதனால் ஈரத்திலேயே சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் வழித்துச் சரி செய்துவிடுங்கள்.

கல் சுவர் செய்ய ஆசையிருந்தால் கணவாய் தாண்டிக் கழுத்துருட்டிப் பக்கத்துப் பதிமூன்று கண் பாலத்தை ஒரு நாள் போய்ப் பாருங்கள். 1904இல் திறந்த மலை ரயில் பாதை, அதன் தூண்களில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்து எப்படி உட்கார்ந்திருக்கிறது, எங்கே கறுத்திருக்கிறது, எங்கே பாசி என்று போட்டோ எடுத்து வாருங்கள். ஃபோமில் கல் வரிசையைப் பென்சிலால் அழுத்திக் கீறி, சாம்பல் நிறம் கலந்த கால்க்கை மேலே தடவி, உடனே ஈரத்துணியால் மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் கோடுகளுக்குள் மட்டும் சாந்து நிற்கும். 1809இல் பிரிட்டிஷ் படை ஏறிப் பிடித்த ஆரல்வாய்மொழி அரண் மாதிரிப் பழைய கோட்டைச் சுவர் வேண்டுமென்றால் துடைப்பதைக் கொஞ்சம் அலட்சியமாகத் துடையுங்கள், சிதைந்த தோற்றம் தானாக வரும்.

சிலிக்கானை மொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம். நிறமில்லாத சிலிக்கானை பிளாஸ்டிக் ஷீட்டில் வரி வரியாகப் பூசி, காய்ந்ததும் உரித்தால் அருவி கிடைக்கும். குற்றாலத்துக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும். நுரைக்கு வெள்ளை வேண்டுமானால் பூசும்போதே வெள்ளைச் சிலிக்கானைக் கீற்றாக இழுத்துவிடுங்கள், பிறகு பெயிண்ட் அடிக்க முடியாது.

பெயிண்ட், அப்புறம் சுருட்டல்

மேலே அடிப்பதும் அக்ரிலிக்காகவே இருக்கட்டும். எனாமல் விறைப்பு, வளைந்தால் வெடிக்கும். ஸ்பிரே டப்பாவில் இருக்கிற கரைப்பான் கால்க் பூசாத தெர்மாகோல் ஓட்டையைத் தேடிப்பிடித்துத் தின்றுவிடும், அதனால் முதல் பூச்சு பிரஷ்ஷால் எமல்ஷன். பிறகு தண்ணீராகக் கரைத்த கரும்பழுப்பை ஓடவிட்டு, காய்ந்ததும் வெளிறிய நிறத்தை டிரை பிரஷ் செய்தால், அதாவது பெயிண்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால், மேடுகள் எழுந்து நிற்கும். கடைசியில் மேட் வார்னிஷ் கட்டாயம். அக்ரிலிக் கால்க்குக் காய்ந்த பிறகும் லேசான ஒட்டல் உண்டு, வெயில் காலத்தில் மடிப்புக்கு மடிப்பு பிடித்துக்கொள்ளும்.

சுருட்டும்போது பெயிண்ட் பக்கம் வெளியே இருக்கட்டும், உள்ளே ஒரு பிவிசி பைப் துண்டு வைத்துச் சுருட்டினால் இறுக்கமான மடிப்பு விழாது. நடுவில் ஒரு பழைய பருத்தித் துணி. பாலிதீன் பையில் போட்டுக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று காடாத் துணியில் பூசணம் பிடிக்கும். மீதி டியூபின் மூக்கில் ஒரு திருகாணியை முறுக்கி, நிழலில் வையுங்கள், அடுத்த மாதம் திறக்கும்போது ஆணியோடு ஒரு கட்டி வெளியே வரும், அதற்குப் பின்னால் நல்ல பொருள் இருக்கும்.